ஞாயிற்றுக்கிழமை மாத்திரை

யேசுதாஸின் வீட்டில் ஒரு மாதமாக யாரும் சத்தமாகப் பேசுவதில்லை. டி.வி.யில் ஆட்கள் வாயை அசைப்பதோடு சரி. அவன் வீட்டில் இருந்தால் மிக்ஸி ஓடாது. கீரைக்காரியிடம் பேரம் பேசக்கூட அவன் மனைவி கிரேஸ் தெருமுனைவரை போய்விட்டு வந்தாள்.

அந்தச் சனிக்கிழமை ஷிப்ட் முடிந்து, கும்மிடிப்பூண்டியிலிருந்து ரயிலேறி ஆரம்பாக்கத்தில் இறங்கி வீட்டுக்கு வந்தவன், மகள் ஷைனியின் கையிலிருந்த போனைப் பார்த்தான். திரை முழுக்க விரிசல்.

"இது எப்போ ஒடஞ்சிச்சு?"

ஷைனி அம்மாவைப் பார்த்துவிட்டுச் சொன்னாள். "போன வாரம்பா. பஸ்ல ஏறும்போது."

"போன வாரம் ஒடஞ்சத இன்னிக்கி நானா பாத்துத் தெரிஞ்சிக்கணுமா?"

"உனக்கு பிபி கீது, சொல்லாதன்னு அம்மாதான் சொல்லிச்சு."

"டென்ஷன் ஆவக்கூடாது இல்ல," என்றாள் கிரேஸ் அடுப்பங்கரையிலிருந்து, மெல்லிய குரலில்.

அந்த மெல்லிய குரல்தான் அவனுக்குத் தாங்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவனோடு சரிக்குச் சரி கத்தியவள், இப்போது ஆஸ்பத்திரி வராந்தாவில் நிற்பவளைப் போலப் பேசினாள். கத்தலாம் என்று வாயைத் திறந்தான். திங்கட்கிழமை செக்கப் என்பது ஞாபகம் வந்தது. மூக்கால் மூச்சை இழுத்து, வாயால் விட்டான். ஷைனி போனில் காட்டிக்கொடுத்த பயிற்சி. செய்து முடித்ததும் முன்னைவிட எரிச்சலாக இருந்தது.

அவன் வேலை பார்ப்பது சிப்காட்டில் ஒரு கம்பி மில்லில். கூரையை ஒட்டி ஓடும் கிரேன் அவனுடையது. லாரியில் வரும் இரும்புக் கட்டைகளைத் தூக்கி உலைக்குக் கொடுப்பது, உருட்டி முடிந்த கம்பிக் கட்டுகளைத் தூக்கி லாரியில் வைப்பது, இரண்டும் அந்தக் கிரேன்தான். கண்ணாடி வைத்த சின்ன கேபின், ஒரு மின்விசிறி, ஒரு நாற்காலி. அவன் வீட்டு ஆட்கள் தலைமுறையாக அடுத்தவர் கழனியில் குனிந்து வேலை செய்தவர்கள். அந்தக் குடும்பத்தில் எல்லாருக்கும் மேலே போய் உட்கார்ந்து வேலை பார்த்த முதல் ஆள் அவன்.

போன மாதம் மில்லில் வருடாந்திர மருத்துவப் பரிசோதனை நடந்தது. கேன்டீனில் மேஜை போட்டு டாக்டர் உட்கார்ந்திருந்தார். கையில் பட்டையைக் கட்டிப் பார்த்தார். கொஞ்ச நேரம் ஓரமாக உட்காரவைத்து மறுபடியும் பார்த்தார்.

"நூத்தி எழுபத்தாறு, நூத்தி எட்டு. தலைவலி இருக்கா?"

"இல்ல சார்."

"தலை சுத்தல்? மூச்சு வாங்குதா?"

"அதெல்லாம் இல்ல சார்."

ஒவ்வொரு இல்லைக்கும் தான் ஜெயித்துக்கொண்டு வருவதாகத்தான் யேசுதாஸ் நினைத்தான். டாக்டர் தலையை நிமிர்த்தாமல் எழுதினார். "ஹை பிபி. ரெண்டு மாத்திரை, ரெண்டும் காலையில. அடுத்த மாசம் பார்ப்பேன். குறையலன்னா கிரேன்ல ஏத்த முடியாது. அடுத்த ஆள் வாங்க."

அவ்வளவுதான். டென்ஷன் ஆகக்கூடாது என்று அவர் சொல்லவே இல்லை. அவர் எதையுமே விளக்கிச் சொல்லவில்லை. டென்ஷன் என்று சொன்னது கிரேஸும் எதிர்வீட்டுக்காரர்களும் ரயிலில் கூட வருகிறவர்களும். பிபி என்றால் கோபம். கோபக்காரனுக்குப் பிபி வரும். கோபத்தை அடக்கினால் பிபி அடங்கும். ஊரே இப்படிச் சொன்னபோது அவனும் நம்பினான். நம்புவதற்குச் சுலபமாக இருந்தது. உடம்பில் ஒரு வலி இல்லை, ஒரு காய்ச்சல் இல்லை. கோபம் மட்டும் இருந்தது.

மாத்திரையை அவன் போடாமல் இல்லை. முதல் நாள் காலையில் நாஷ்டாவுக்கு அப்புறம் இரண்டையும் விழுங்கிவிட்டுத்தான் கேபினுக்கு ஏறினான். இரண்டு லோடு தூக்குவதற்குள் ஒன்றுக்கு முட்டியது.

இதில் ஒரு சங்கடம் உண்டு. கிரேன் ஆப்பரேட்டர் மேலே ஏறினால் ஷிப்ட் முடியும்வரை இறங்குவதில்லை. யாரும் எழுதிவைத்த சட்டம் இல்லை. முன்பு மாற்று ஆள் ஒருவன் இருந்தான். ஆட்களைக் குறைத்தபோது அவனைத்தான் முதலில் குறைத்தார்கள். அதன்பிறகு கிரேன் நின்றால் உலைக்குக் கட்டை போகாது, மில் சும்மா சுற்றும், கீழே அத்தனை பேரும் அண்ணாந்து பார்ப்பார்கள். அதனால் ஆப்பரேட்டர்கள் தண்ணீரைக் குறைத்துக்கொண்டார்கள். காலையில் அரை டம்ளர் டீ. மேலே தொண்டையை நனைக்க பாட்டில் மூடியில் ஊற்றி ஒரு வாய். கோடையிலும் அதேதான். ஷிப்ட் முழுக்க இறங்காமல் இருப்பதை அவர்கள் ஒரு கெட்டிக்காரத்தனமாகவே பேசிக்கொண்டார்கள். யேசுதாஸும் பேசியவன்தான்.

அன்றைக்கு அவன் இறங்கினான். செங்குத்தான இரும்பு ஏணியில் இறங்கி, ஷெட்டின் கோடியிலிருந்த கழிப்பறைக்கு ஓடி, திரும்பி ஏறினான். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் முட்டியது. மறுபடியும் இறங்கினான். மூன்றாவது தடவை இறங்கியபோது ஃபோர்மேன் துளசிராமன் ஏணிக்குக் கீழேயே நின்றிருந்தான். ஆந்திர எல்லையில் தடா பக்கத்து ஆள். யாரையும் நைனா என்றுதான் கூப்பிடுவான்.

"இன்னா நைனா, மில்லு ஓட்றியா, தண்ணி லாரி ஓட்றியா?"

"மாத்திர போட்டுக்கீறேன் சார். அது இப்டி பண்ணுது."

"அப்போ ஒண்ணு பண்ணு. ஒரு பக்கெட்ட கட்டிக்கினு மேல போ. ரொம்பிச்சின்னா ஹூக்குல மாட்டி கீழ எறக்கு. நாங்க பத்திரமா புடிச்சிக்கறோம்."

கீழே கம்பிகளைக் கட்டு கட்டும் பையன்கள் சிரித்தார்கள். மறுநாள் யாரோ ஏணியின் முதல் படியில் ஒரு பெயின்ட் டப்பாவைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள்.

யேசுதாஸ் மாத்திரையை நிறுத்தினான். இரண்டில் எது ஒன்றுக்கு வரவைக்கிறது என்று தெரியாததால் இரண்டையும் நிறுத்தினான். கிரேஸ் காலையில் தண்ணீரோடு கொண்டுவந்து கொடுப்பாள். அவள் திரும்பியதும் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்வான். லீவு நாளான ஞாயிற்றுக்கிழமை மட்டும் நேர்மையாக விழுங்குவான். பிரசங்கத்தின் நடுவில் இரண்டு தடவை எழுந்து வெளியே போவான். "சாத்தான் இவர ஆலயத்துல குந்தவே விட மாட்டேங்கிறான்," என்று போதகர் ஒருநாள் வாசலில் கிரேஸிடம் சொன்னார்.

மற்ற நாட்களுக்குக் கோபத்தை அடக்கினால் போதும் என்று கணக்குப் போட்டிருந்தான். துளசிராமன் என்ன சொன்னாலும் சிரித்தான். பெயின்ட் டப்பாவை அவிழ்த்து ஓரமாக வைத்துவிட்டு ஏறினான். ரயிலில் காலை மிதித்தவனிடம் பரவாயில்லை என்றான். வாழ்நாளில் இவ்வளவு நல்லவனாக அவன் இருந்ததே இல்லை. திங்கட்கிழமை செக்கப்பைப் பற்றி அவனுக்குப் பயமே இல்லை.

சனிக்கிழமை இருட்டுவதற்கு முன்னால் ரமீஸா வந்தாள். பழவேற்காட்டுப் பெண், இந்தத் தெருவில் மளிகைக் கடை வைத்திருக்கும் வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். வீடு வீடாகப் போய் சர்க்கரையும் பிரஷரும் பார்த்து, அரசாங்க மாத்திரை கொடுக்கிற வேலை அவளுக்கு. கிரேஸின் சர்க்கரைக்காக மாதம் ஒருமுறை வருவாள்.

கிரேஸுக்குப் பார்த்து முடித்ததும் அவளாகவே கேட்டாள். "அண்ணனுக்கும் பாக்கட்டா?"

"பாரு," என்றான் யேசுதாஸ். நல்ல மார்க் எடுத்த பையன் ரிப்போர்ட்டை நீட்டுவதைப் போலக் கையை நீட்டினான்.

"கால மடக்காதீங்கண்ணே. கீழ வெச்சு குந்துங்க. பேசாதீங்க."

மிஷின் உறுமிக் கையை இறுக்கியது, விட்டது. ரமீஸா எண்ணைப் பார்த்தாள். கொஞ்சம் பொறுத்திருந்து இன்னொரு தடவை பார்த்தாள்.

"நூத்தி எண்பத்தி ரெண்டுண்ணே. கீழ நூத்திப் பத்து."

"மிஷினு கெட்டுப்போச்சு."

"அக்காவுக்கு இப்போதான் பாத்தேன், நூத்தி இருவது. அக்காவுக்கு நல்லா இருந்த மிஷினு உங்களுக்கு மட்டும் கெட்டுப்போச்சா?"

"நான் ஒரு மாசமா கோவமே படல ரமீஸா. செருப்பால அடிச்சிருந்தாகூட சிரிச்சிக்கினு நின்னுருப்பேன். அது எப்டி ஏறும்?"

"கோவத்துக்கும் இதுக்கும் இன்னாண்ணே? கோவம் வந்தா கொஞ்ச நேரம் ஏறும், அப்பால எறங்கிடும். உங்களுது எறங்கவே மாட்டேங்குது. நீங்க தூங்கும்போதுகூட இப்டித்தான் கீதுன்னு நெனச்சிக்கோங்க."

"அப்போ பிபின்னா இன்னாதான் அது?"

கத்திவிட்டான். பக்கத்து வீட்டு டி.வி. சட்டென்று அடங்கியது. கிரேஸ் ஓடிவந்து அவன் தோளைத் தொட, அவன் தட்டிவிட்டான். "கேக்கறேன் இல்ல? ஒரு மாசமா ஊரு பூரா எனக்கு பிபி, பிபின்றீங்க. ஊட்டுல என்னய பொணம் மாதிரி வெச்சிக்கினு சுத்தி நடக்கறீங்க. அது இன்னான்னு எவனாவது சொன்னீங்களா?"

ரமீஸா அசரவில்லை. பட்டையைச் சுருட்டிக்கொண்டே சொன்னாள். "ஒடம்பு பூரா ரத்தம் போற கொழா கீது. உள்ள போற ரத்தம் அந்தக் கொழாவோட செவுத்த எவ்ளோ தள்ளுதோ அதான் பிரஷரு. எல்லாருக்கும் வேணும் அது. இல்லன்னா ரத்தம் எப்டி தல வரிக்கும் ஏறும்? நெஞ்சு அமுக்கி அனுப்பும்போது ஒரு தள்ளு கீது. அது மேல் நம்பரு. ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவுல நெஞ்சு ஓயுது பாருங்க, அப்பவும் உள்ள கொஞ்சம் தள்ளு இருக்கும். அது கீழ் நம்பரு. ஒங்களுக்கு ரெண்டும் அளவுக்கு மேல. ஓயற நேரத்துலயும் ஓயல. ஹை பிபின்னா அவ்ளோதான். கோவமும் இல்ல, கொழுப்பும் இல்ல."

"அவ்ளோ தள்ளினா எனக்குத் தெரியணும் இல்ல? ஒரு தலவலிகூட இல்லியே."

"தெரியாது. முக்காவாசி பேருக்குத் தெரியாது. நெஞ்சுலயோ மூளையிலயோ எங்கனா ஒரு கொழா அடைச்சிக்கும், இல்ல வெடிக்கும். அன்னிக்கித்தான் தெரியும்." அவள் பையை மூடினாள். "மாத்திர போடறீங்களா?"

"போடறேன்."

"தெனமும் நான்தான் எடுத்துக் குடுக்கறேன்," என்றாள் கிரேஸ்.

"போட்டும் எறங்கலன்னா அந்த மாத்திர பத்தலன்னு அர்த்தம். திங்கக்கெழம டாக்டரு இன்னும் ஒண்ணு ரெண்டு ஏத்துவாரு."

இன்னும் இரண்டு. யேசுதாஸ் தரையைப் பார்த்தான். "ஞாயித்துக்கெழம மட்டும்தான் போடறேன்," என்றான்.

"இன்னாது?" என்றாள் கிரேஸ். அது மெல்லிய குரல் இல்லை. "நான் காலங்காத்தால தண்ணி மொண்டுக்கினு வந்து நிக்கறேன், நீ இன்னா, பாக்கெட்ல போட்டுக்கினு மில்லுக்கு நடக்கறியா? யார ஏமாத்தற? துணி தொவைக்கும்போது பாக்கெட்டு பூரா வெள்ள வெள்ளயா மாவு ஒட்டிக்கினு வந்துச்சே, நான் சுண்ணாம்புன்னு இல்ல நெனச்சேன்."

ஒரு மாதம் கழித்து இப்போதுதான் அவளுடைய பழைய குரலை அவன் கேட்டான். திட்டு வாங்கிக்கொண்டிருந்தாலும் வீடு வீடாக இருந்தது.

"போட்டா ஒண்ணுக்கு வருது," என்றான். "ஷிப்டுக்கு நடுவுல எறங்க முடியாது. எறங்கினா அவன் நாயி மாதிரி பேசறான்."

ரமீஸா மாத்திரை அட்டைகளை வாங்கிப் பார்த்தாள். "இது தண்ணி மாத்திர. ஒடம்புல கீற உப்பையும் தண்ணியையும் வெளிய தள்ளும். ஒண்ணுக்கு வர்றது இதனால. இன்னொண்ணு கொழாவ தளத்திவிடறது. அதுக்கும் ஒண்ணுக்கும் சம்மந்தமே இல்ல. அத ஏன் நிறுத்தினீங்க?"

"எது எதுன்னு எனக்கு யாரு சொன்னா?"

"கேட்டீங்களா? மேல ஒக்காந்து வேல, எறங்க முடியாதுன்னு சொல்லியிருந்தா மாத்திக் குடுத்திருப்பாரு."

"அடுத்த ஆள் வான்னு கத்தற ஆளாண்ட ஒண்ணுக்குப் போற கதய சொல்லச் சொல்றியா?"

ரமீஸா அட்டைகளைக் கிரேஸிடம் திருப்பிக் கொடுத்தாள். 

"இப்போலேருந்து போட்டா திங்கக்கெழம எறங்கிடுமா?"

"எறங்காதுண்ணே. தெனமும் போட்டாகூட சில வாரம் ஆவும்."

"மில்லுல பசங்க செக்கப் அன்னிக்கி ரெண்டு வேளது ஒண்ணா போடுவானுங்க. எறங்கிடுதாம்."

"அப்டி போட்டுட்டு ஏணி ஏறுங்க, பாதியில கண்ணு இருட்டும்." அவள் செருப்பை மாட்டினாள். "அப்பால எந்த மாத்திரயும் வேணாம்."

ஞாயிற்றுக்கிழமை அவன் கோயிலுக்குப் போகவில்லை. கட்டிலில் கிடந்து, மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான். கொஞ்ச வருஷத்துக்கு முன்னால் கிரேனில் கம்பிவடம் அறுந்தது ஞாபகம் வந்தது. பத்து டன் கிரேன். அவசரமென்றால் பன்னிரண்டு தூக்கச் சொல்வார்கள், தூக்கும். கிரேன் முனகாது, வடம் வலிக்கிறது என்று சொல்லாது. மறுநாளும் தூக்கும். அப்படி இருந்து ஒருநாள் எட்டு டன்னுக்கு அறுந்தது. கீழே யாரும் நிற்காதது அதிர்ஷ்டம். அறுந்த முனையை அவன் கையில் எடுத்துப் பார்த்தான். வெளியே கிரீஸ் பூசிப் பளபளவென்று இருந்தது. உள்ளே இழைகள் ஒவ்வொன்றாக எப்போதோ அறுந்து துருப்பிடித்திருந்தன. நேற்று அறுந்தவை இல்லை.

ஒரு மாதமாக எல்லாரும் சொன்னதில் புரியாதது இதில் புரிந்தது. புரிந்ததால் நிம்மதி ஒன்றும் வரவில்லை. முன்பு ஒன்றும் இல்லை என்று தூங்கியவன் அன்று தூங்கவில்லை.

திங்கட்கிழமை காலையில் நான்கு மாத்திரைகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினான். ரயிலில் ஒருமுறை கையில் எடுத்தான். நான்கையும் போட்டால் எண் இறங்கும், கையெழுத்து விழும், நாற்காலி இருக்கும். ஏணி கண்முன் வந்தது. மறுபடியும் பையில் போட்டான்.

கேன்டீனில் டாக்டர் பட்டையைக் கட்டினார். நூற்றி எண்பது. "மாத்திரை சாப்பிடறீங்களா?"

"ஞாயித்துக்கெழம மட்டும் சார்."

டாக்டர் முதல் தடவையாக அவன் முகத்தைப் பார்த்தார். "இதென்ன விரதமா?"

யேசுதாஸ் காரணத்தைச் சொன்னான். பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். சொல்லி முடித்தான்.

"இத போன மாசமே சொல்லவேண்டியதுதானே?"

"நீங்க கேக்கல சார்."

டாக்டர் ஒரு காகிதத்தை இழுத்து எழுதினார். "ஒரு மாசம் கிரேன் வேண்டாம். கீழதானே இருக்கப்போறீங்க, இந்த ரெண்டையுமே இன்னையிலேருந்து தினமும் காலையில போடுங்க. உப்பைக் குறைங்க. அடுத்த மாசம் பார்த்துட்டு, கிரேன்ல ஏறுற மாதிரி இருந்தா மாத்தித் தரேன்."

அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குள் நடந்தான். இனி ஒரு மாதம் அண்ணாந்து பார்க்கிற கூட்டத்தில் அவனும் ஒருவன். ஏணிக்குக் கீழே நின்ற துளசிராமன் காகிதத்தை வாங்கிப் படித்தான். நான்காக மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டான்.

"செரி நைனா. இது என்னாண்டயே இருக்கட்டும். நீ மேல ஏறு. ரெண்டு லாரி நின்னுக்கினு கீது."

"வேணாம்னு எழுதிக்கீறாரு சார்."

"எழுதுவாரு. அவரா வந்து கிரேன் ஓட்டப்போறாரு? ஆளு எங்க கீது நைனா? பேஜாரு பண்ணாம ஏறு."

யேசுதாஸுக்கு முதலில் சிரிப்பு வந்தது. எது நடக்கக்கூடாதென்று ஒரு மாதமாகக் கோபத்தை அடக்கினானோ, அது நடக்கப்போவதே இல்லை. அவனை இறக்க அங்கே யாருக்கும் எண்ணம் இருந்ததில்லை. இறக்கினால் ஏற்ற ஆள் இல்லை. அவன் மேலே இருக்கும்போதே செத்தால்தான் இவர்கள் இன்னொருவனைத் தேடுவார்கள்.

கை தானாக ஏணியின் கம்பியில் போய் நின்றது. உலை வெக்கையில் எப்போதும் போலச் சுட்டது. ஏறிவிடலாம். காகிதம் துளசிராமனின் பையில் இருக்கிறது. தனக்கு ஏதாவது ஆகிவிட்டால் அது அங்கே இருக்கவும் செய்யும், இல்லாமல் போகவும் செய்யும். ஆனால் அவனுக்கு ஏதாவது ஆகிற நேரத்தில் ஹூக்கில் லோடு தொங்கும். அதற்குக் கீழே பெயின்ட் டப்பா கட்டிய பையன்கள் நிற்பார்கள்.

"பத்து டன் கிரேன்ல பன்னெண்டு டன் ஏத்துவியா சார் நீ?"

"இன்னா நைனா புச்சா கேக்கற? எத்தினி தடவ ஏத்திக்கீறோம்."

"அதான் அன்னிக்கி வடம் போச்சு."

துளசிராமனுக்கு விளங்கவில்லை. யேசுதாஸ் கையை ஏணியிலிருந்து எடுத்தான். சட்டைப் பையிலிருந்து இரண்டு மாத்திரைகளை எடுத்து வாயில் போட்டான். பாட்டிலைத் திறந்தான். மூடியில் ஊற்றவில்லை. அண்ணாந்து மொத்தத்தையும் குடித்தான். பல வருஷங்களாக ஷிப்ட் நேரத்தில் அவன் அப்படிக் குடித்ததில்லை. தண்ணீர் தாடையில் வழிந்து சட்டையை நனைத்தது.

"யோவ், இவ்ளோ தண்ணியும் குடிச்சிட்டு எப்டி மேல குந்துவ?"

"குந்தமாட்டேன். ஒரு மாசம் கட்டு கட்றேன். ஆள வரவை."

போய் பெஞ்சில் உட்கார்ந்தான். மேலே கிரேன் நின்ற இடத்திலேயே நின்றது; ஹூக் காற்றில் லேசாக ஆடியது. துளசிராமன் போனைக் காதில் வைத்துக்கொண்டு தெலுங்கில் யாரிடமோ ஆப்பரேட்டர் கேட்டுக்கொண்டிருந்தான். சாயங்காலத்துக்குள் எவனாவது ஒருத்தன் வருவான். வந்தவன் அந்த நாற்காலியில் உட்காருவான். ஒரு மாதம் கழித்து எழுந்திருப்பானா என்பது தெரியாது. அதை நினைத்ததும் யேசுதாஸுக்குக் கோபம் பொங்கி வந்தது. இந்தத் தடவை மூக்கால் இழுத்து வாயால் விடவில்லை. கோபம் அதுபாட்டுக்கு இருக்கட்டும் என்று விட்டான்.

மில் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. பையன்கள் யாரும் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் முட்டியது. எழுந்தான். யாரையும் கேட்காமல், ஓடாமல், ஷெட்டின் கோடிவரை நடந்து போனான்.